அக்கவுன்ட்டுக்கு வந்த ஸ்காலர்ஷிப் பணம்... அதில் உங்களுடையது எவ்வளவு?

மதியம் முதல் பீரியட். மேசைக்கு அடியில் போன் அதிர்கிறது. வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்: கணக்கில் ரூ.38,100 வரவு. பக்கத்து சீட்டில் இருப்பவன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறான், "மச்சி, ஸ்காலர்ஷிப் வந்துடுச்சா? அப்போ ட்ரீட் எப்போ?"

அந்த அக்கவுன்ட்டில் இதுவரை இவ்வளவு பெரிய தொகை இருந்ததே இல்லை. கீறல் விழுந்த போன் டிஸ்ப்ளே, பொங்கலுக்கு எடுக்க நினைத்த சட்டை, அம்மாவுக்கு ஒரு மிக்ஸி என்று மனசுக்குள் பட்டியல் நீள ஆரம்பித்துவிடும்.

ஆனால், அந்த 38,100 ரூபாயில் மாணவருக்கே உரியது வெறும் 8,100 ரூபாயாக இருக்கலாம். மீதி 30,000 கல்லூரிக்குப் போக வேண்டிய கட்டணம். இது தெரியாமல் கை வைத்துவிட்டால், செமஸ்டர் முடிவில் ஃபீஸ் கவுன்டர் முன்னால் நிற்கும்போதுதான் விஷயம் புரியும். அப்போது ரொம்ப லேட்.

அரசின் கல்வி உதவித்தொகை கைக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது?

கல்லூரி ஃபீஸ் ஏன் மாணவரின் கணக்குக்கு வருகிறது?

அரசு உதவிகளைப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பும் முறைக்கு டிபிடி என்று பெயர். நடுவில் யாரும் கை வைக்க முடியாது என்பதுதான் இதன் நோக்கம். ஆனால், இதனால் ஒரு புதுப் பொறுப்பு 18, 19 வயது மாணவர்களின் தலையில் விழுந்திருக்கிறது.

பட்டியலினத்தவருக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இதை மாற்றியமைத்தது. மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்று பங்கு பிரிக்கப்பட்டது. 2021-22 முதல் மத்திய அரசின் பங்கு மாணவரின் கணக்குக்கு நேரடியாக வருகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான திட்டம் இது.

இந்தத் திட்டத்தில் இரண்டு தொகைகள் உண்டு. ஒன்று, கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணம். இன்னொன்று, மாணவரின் சொந்தச் செலவுக்கான படி. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாயும், வீட்டிலிருந்து வந்து போகிறவருக்கு 7,000 ரூபாயும் படி. கலை, அறிவியல் பட்டப் படிப்புகளில் அது முறையே 6,000, 3,000 ரூபாய்.

அக்கவுன்ட்டில் விழும்போது இரண்டும் கலந்தே விழலாம். எஸ்எம்எஸ் பிரித்துச் சொல்லாது. நாம்தான் பிரிக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

விடுதியில் தங்கி பி.இ. படிக்கும் ஒரு மாணவர். அவருடைய ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதோடு 13,500 ரூபாய் படி. மொத்தம் 63,500. இதில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு 38,100 ரூபாய்.

- கட்டணத்தில் 60 சதவீதம்: ரூ.30,000. இது கல்லூரிக்கு.
- படியில் 60 சதவீதம்: ரூ.8,100. இது மாணவருக்கு.

இது புரிந்துகொள்வதற்கான உதாரணம்தான். கல்லூரி, படிப்பு, திட்டத்தைப் பொறுத்து எண்கள் மாறும். மாநிலப் பங்கு வேறொரு நாளில் தனியாகவும் வரும். உங்கள் கணக்கில் சரியான பிரிப்பு என்ன என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் ஸ்காலர்ஷிப் வேலைகளைப் பார்ப்பவரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு ரூபாய்கூட எடுக்காமல் இருப்பதுதான் முதல் விதி.

மூன்று சொந்தக்காரர்கள்

வந்த பணத்துக்கு மூன்று சொந்தக்காரர்கள் இருக்கலாம். கல்லூரி, வீடு, நீங்கள். இதே வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

1. கல்லூரி: கட்டணப் பங்கை அன்றே அல்லது மறுநாளே கட்டிவிடுவது நல்லது. 'எப்படியும் செமஸ்டர் கடைசிலதானே கேட்பாங்க' என்று வைத்திருந்தால் அந்தப் பணம் தானாகக் கரையும். யாரும் 30,000 ரூபாயை ஒரே நாளில் செலவழிப்பதில்லை. 500, 800, 1,200 என்றுதான் போகும்.

பணமாகக் கட்டினாலும் ஆன்லைனில் கட்டினாலும் ரசீது முக்கியம். 'அண்ணன்கிட்ட குடுத்துட்டேன், கட்டிடுவாரு' என்பதெல்லாம் வேண்டாம். உங்கள் பெயர், பதிவு எண், எந்த ஆண்டுக்கான கட்டணம் என்ற விவரங்கள் ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.

2. வீடு: பல குடும்பங்களில் ஸ்காலர்ஷிப் வரும்வரை கல்லூரி காத்திருப்பதில்லை. அட்மிஷன் நேரத்திலேயே அப்பா எங்கோ கடன் வாங்கிக் கட்டியிருப்பார். அம்மாவின் தோடு அடகுக் கடையில் இருக்கும். அப்படியென்றால், இப்போது வந்திருப்பது ஏற்கெனவே செலவான பணத்தின் திருப்பம்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 'ரெண்டு ரூபாய் வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். 10,000 ரூபாய் கடனுக்கு மாதம் 200, ஆண்டுக்கு 2,400 ரூபாய். அதே 10,000 ரூபாய் சேமிப்புக் கணக்கில் ஓராண்டு தூங்கினால் கிடைக்கும் வட்டி சில நூறு ரூபாய்தான். ஆகவே, வட்டிக் கடனை அடைப்பதைவிடப் பெரிய சேமிப்பு எதுவும் இல்லை.

வீட்டில் இதைப் பேச ஒரு வரி போதும்: "அப்பா, ஸ்காலர்ஷிப் வந்திருக்குப்பா. அட்மிஷனுக்கு வாங்கினதுல இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு?" பல வீடுகளில் பிள்ளைகளுக்குக் கடன் எவ்வளவு என்றே சொல்வதில்லை. இந்தக் கேள்வி அந்தப் பேச்சைத் தொடங்கி வைக்கும்.

கல்விக் கடன் இருந்தால் அது வேறு கணக்கு. பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் சில வங்கிகள் வட்டியில் சலுகை தருகின்றன. வங்கிக் கிளையில் கேட்டுப் பாருங்கள். வட்டிக்கு அரசு மானியம் கிடைக்கும் கடனா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மானியம் இருந்தால் அவசரப்பட்டுக் கட்டத் தேவையில்லை.

3. நீங்கள்: மேலே உள்ள இரண்டும் போக மிஞ்சுவதுதான் உங்கள் பங்கு. இதைச் செலவழிக்கக் குற்ற உணர்ச்சி தேவையில்லை. அரசு தருவதே அதற்காகத்தான். ஒரு செட் நல்ல துணியும் கல்லூரி வாழ்க்கையின் தேவைதான். பணம் எத்தனை நாள் தாங்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

8,100 ரூபாய் எத்தனை நாள் வரும்?

இந்த உதவித்தொகை மாதச் சம்பளம் மாதிரி தேதிக்கு வராது. அடுத்த தவணை எப்போது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே 8,100 ரூபாயை 10 மாதத்துக்கானது என்று எடுத்துக்கொண்டால், மாதம் 810 ரூபாய். ஒரு நாளைக்கு 27 ரூபாய். ஒரு டீ, ஒரு வடை. அவ்வளவுதான்.

கேட்கவே கஷ்டமாக இருந்தாலும் இதுதான் நிஜம். அதனால் மாதக் கணக்கைவிட, தவிர்க்கவே முடியாத செலவுகளை முதலில் ஒதுக்குவது பலன் தரும். உதாரணத்துக்கு:

- இரண்டு செமஸ்டர் தேர்வுக் கட்டணம்: ரூ.3,000
- ஊருக்குப் போய் வர பஸ் செலவு: ரூ.2,000
- ரெக்கார்டு நோட், ஜெராக்ஸ், லேப் பொருட்கள்: ரூ.1,600
- கை வைக்காத பணம்: ரூ.1,500

கடைசி வரியைக் கவனியுங்கள். திடீர்க் காய்ச்சல், உடைந்த மூக்குக் கண்ணாடி, ஊரில் ஒரு துக்கம் என எதுவும் சொல்லிவிட்டு வருவதில்லை. அந்த நேரத்தில் 1,500 ரூபாய் கையில் இல்லாதவர்கள்தான் 'ஐந்து நிமிடத்தில் லோன்' ஆப்களைத் தேடிப் போகிறார்கள்.

மாதம் 1,000 வருகிறவர்களுக்கு

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-இல் கோவையில் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் 2024 டிசம்பரில் புதுமைப்பெண் விரிவுபடுத்தப்பட்டது.

இந்தப் பணம் கட்டணத்தோடு கலந்து வராது. அதனால் இங்கே குழப்பம் குறைவு. சவால் வேறு. 1,000 ரூபாய் சின்னத் தொகை என்பதால் ரீசார்ஜ், கேன்டீன், ஒரு ஆன்லைன் ஆர்டர் என்று பத்தாம் தேதிக்குள் காணாமல் போய்விடும்.

ஆனால், மூன்று ஆண்டுப் படிப்புக்குக் கணக்குப் போட்டால் இது 36,000 ரூபாய். நான்கு ஆண்டு என்றால் 48,000. இதில் மாதம் 300 ரூபாயை மட்டும் ஆர்.டி.யில் போட்டுவந்தால், 36 மாதத்தில் 10,800 ரூபாயும் அதற்கான வட்டியும் கையில் இருக்கும். பல வங்கிகளில் 100 ரூபாயிலிருந்தே ஆர்.டி. தொடங்கலாம். அஞ்சலகத்திலும் உண்டு. ஆனால் அங்கே காலம் 5 ஆண்டு என்பதால், படிப்பு முடியும்போது முதிர்வடையும்படி வங்கியில் போடுவது வசதி.

எதற்கு இந்த 10,800? படிப்பு முடித்துவிட்டு வேலைக்காக சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும் எல்லோருக்கும் ஒரு மாதம் தடுமாற்றம் உண்டு. ஹாஸ்டல் அட்வான்ஸ் கட்ட வேண்டும், சாப்பிட வேண்டும், பஸ் ஏற வேண்டும். முதல் சம்பளமோ மாதக் கடைசியில்தான் வரும். கையில் காசு இல்லாததால் நல்ல வேலையைத் தள்ளிப்போடுவதும் விடுவதும் நடக்கிறது. அந்த ஒரு மாதத்தைத் தாண்ட 10,800 ரூபாய் பெரிய பாலம்.

அக்கவுன்ட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சிக்கல்கள்

'ஃப்ரெண்டுக்கு வந்துடுச்சு, எனக்கு வரல': டிபிடி பணம் நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குப் போகும் என்று அவசியம் இல்லை. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு டிபிடிக்காக இணைக்கப்பட்டதோ, அங்கேதான் போகும். ஆஃபருக்காக வேறு வங்கியில் புதுக் கணக்கு திறந்து, 'ஆதார் இணைப்புக்குச் சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால், பணம் அங்கே போயிருக்கலாம். மை ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பகுதியில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

'சின்னக் கணக்கு' வரம்பு: முழு ஆவணங்கள் இல்லாமல் தொடங்கப்படும் கணக்குகளில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஓராண்டின் மொத்த வரவு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மாதத்துக்கு 10,000 ரூபாய்தான் எடுக்க முடியும். 30,000 ரூபாய் கட்டணத்தை இதிலிருந்து ஒரே நேரத்தில் எப்படிக் கட்டுவது? ஆதார், பான் போன்றவற்றோடு கிளைக்குப் போய் முழு கேஒய்சி செய்துவிட்டால் இந்த வரம்பு நீங்கும். பள்ளியில் மைனராக இருந்தபோது திறந்த கணக்கு என்றால், 18 வயது ஆனதும் புதிய கையெழுத்தைப் பதிய வேண்டும்.

மினிமம் பேலன்ஸ்: சாதாரண சேமிப்புக் கணக்கில் சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் பணம் பிடிக்கின்றன. ஸ்காலர்ஷிப்புக்கு அடிப்படை சேமிப்புக் கணக்கு போதும். அதில் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை.

தூங்கும் கணக்கு: இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்கை வங்கிகள் செயலற்றதாக மாற்றும். ஆனால், ஸ்காலர்ஷிப், டிபிடிக்காகத் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்குகளை அப்படி மாற்றக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் மறுத்தால் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

ஒரு எளிய ஏற்பாடு: ஸ்காலர்ஷிப் வரும் கணக்கை யுபிஐ ஆப்பில் இணைக்காதீர்கள். அன்றாடச் செலவுக்கு வேறொரு கணக்கு வைத்து, மாதம் ஒருமுறை அதற்குத் தேவையானதை மட்டும் மாற்றுங்கள். அந்த இரண்டாவது கணக்கைத் திறக்கும்போது டிபிடி சம்மதக் கட்டத்தில் மட்டும் டிக் போட்டுவிடாதீர்கள்.

யாரெல்லாம் கண் வைக்கிறார்கள்?

'உங்கள் ஸ்காலர்ஷிப் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, ஓடிபி சொல்லுங்கள்' என்று போன் வந்தால் கட் செய்துவிடலாம். எந்த அரசுத் துறையும் ஓடிபி கேட்காது. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் போட வேண்டியதே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

இன்னொன்று, இதைவிட ஆபத்தானது: "உன் அக்கவுன்ட்டை மட்டும் ரெண்டு மாசம் குடு, 5,000 தர்றேன்." சைபர் மோசடிப் பணத்தைக் கை மாற்றத்தான் இப்படிக் கணக்குகளைக் கேட்கிறார்கள். சிக்கினால் கணக்கு முடங்கும். அதோடு ஸ்காலர்ஷிப்பும் முடங்கும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான்.

'பணத்தை டபுள் பண்ணலாம்' என்று டிரேடிங் பக்கம் இழுப்பவர்களுக்கு செபியின் கணக்கே பதில். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று 2024 செப்டம்பரில் செபி சொன்னது. தேர்வுக் கட்டணத்தை வைத்து விளையாடும் இடம் அது இல்லை.

ஏற்கெனவே செலவாகிடுச்சு. இப்போ என்ன பண்றது?

இது நடக்கிறது. குறிப்பாக, கட்டணப் பங்கு என்று தெரியாமலேயே வீட்டில் மருத்துவச் செலவுக்கோ விதை, உரத்துக்கோ எடுத்தவர்கள் உண்டு. அப்படியென்றால்:

- கல்லூரி கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே வகுப்பு ஆசிரியரிடமோ துறைத் தலைவரிடமோ போய்ச் சொல்லுங்கள்.
- தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு முதல்வருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.
- லோன் ஆப், கந்து வட்டி இரண்டையும் தொடாதீர்கள். 30,000 ரூபாய் பிரச்சினை 60,000 ஆகிவிடும்.
- அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-இல் அறிவித்துள்ளது. அது நடந்தால் யுஜிசியிடம் புகார் செய்யலாம்.

கடைசி விஷயம், கட்டணப் பாக்கியை ரத்து செய்யாது. ஆனால் பயந்துபோய்ப் படிப்பையே நிறுத்திவிட வேண்டியதில்லை. நடுவில் நின்றுவிட்டால், வாங்கிய உதவித்தொகையை அரசு திருப்பிக் கேட்கவும் விதியில் இடம் உண்டு.

அடுத்த வருஷமும் வர வேண்டுமே!

பெரும்பாலான உதவித்தொகைகளை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசின் பிஎம்-யுஎஸ்பி திட்டத்தில் பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. அதைப் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். 'ஒரு வாரம் கட் அடிச்சா என்ன' என்பதன் விலை சில நேரம் 12,000 ரூபாய்.

வருமானச் சான்று, போனஃபைட், மதிப்பெண் பட்டியல், கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்கலாமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். இரண்டாவதுக்கு விண்ணப்பிக்கும் முன் விதியைப் படித்துவிடுங்கள்.

எஸ்எம்எஸ் வந்த முதல் இரண்டு நாளில்

1. எந்தத் திட்டத்தின் பணம், எந்த ஆண்டுக்கானது என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.
2. கட்டணப் பங்கைக் கட்டி ரசீது வாங்குங்கள்.
3. வீட்டில் பேசுங்கள். வட்டிக் கடன் இருந்தால் அடையுங்கள்.
4. தேர்வுக் கட்டணத்தையும் அவசரப் பணத்தையும் ஒதுக்குங்கள்.
5. மீதியை எண்ணுங்கள்.

ஐந்தாவதில் மிஞ்சும் தொகை சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் அது முழுக்க முழுக்க உங்களுடையது. அதிலிருந்து நண்பனுக்கு ஒரு டீயும் பன் பட்டர் ஜாமும் வாங்கிக் கொடுக்கலாம், தப்பில்லை. ட்ரீட் கேட்டவனுக்கும் அடுத்த வாரம் எஸ்எம்எஸ் வரும். டீ குடிக்கும்போது இந்தக் கணக்கையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.